ஆனந்தன் (வேலைக்காரி நாடகக் கதைமாந்தர்)

ஆனந்தன் என்பவர் பேரறிஞர் எனப் போற்றப்படும் கா. ந. அண்ணாதுரை எழுதிய வேலைக்காரி என்னும் மேடை நாடகத்தின் முதன்மைக் கதைமாந்தர் ஆவார். கடன் கொடுமையால் தந்தையை இழந்த இவ்விளைஞர், தொடக்கத்தில் ஒரு தனி மனிதனைக் கொல்லப் புறப்படுகிறார். நாடகத்தின் முடிவிலோ பிறருக்காக வழக்காடுபவராகவும், சாதி, செல்வம் ஆகியவற்றின் பெயரால் நிகழும் கொடுமைகளை எதிர்ப்பவராகவும் மாறுகிறார். தனிப்பட்ட பழியுணர்ச்சி சமூகப் பொறுப்புணர்வாக வளர்வதைக் காட்டும் இக்கதைமாந்தர், 20ஆம் நூற்றாண்டுத் தமிழ் நாடக இலக்கியத்தில் குறிப்பிடத்தக்க படைப்பாகக் கருதப்படுகிறார்.

இந்நாடகம் 1940களின் நடுப்பகுதியில் நடிகர் கே. ஆர். இராமசாமியின் கிருஷ்ணன் நாடக சபாவுக்காக எழுதப்பட்டது. 1949இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. மேடையிலும் திரையிலும் ஆனந்தனாக நடித்தவர் கே. ஆர். இராமசாமியே ஆவார்.

தகவல் சுருக்கம்
நாடகம்: வேலைக்காரி
ஆசிரியர்: கா. ந. அண்ணாதுரை
மேடையேற்றிய குழு: கிருஷ்ணன் நாடக சபா
மேடையிலும் திரையிலும் நடித்தவர்: கே. ஆர். இராமசாமி
தந்தை: சுந்தரம் பிள்ளை
நண்பர்: மணி
மனைவி: சரசா
எதிர்மாந்தர்: வேதாசல முதலியார்
திரை வடிவம்: வேலைக்காரி (1949), ஜூபிடர் பிக்சர்ஸ்

பின்னணி

ஆசிரியரும் ஊரும்

அண்ணாதுரை 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பமொன்றில் பிறந்தார். காஞ்சிபுரம் அப்போது செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் 2019ஆம் ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே நாடகம் எழுதப்பட்ட காலத்தில் காஞ்சி நகரம் முதல் மாமல்லபுரக் கடற்கரை வரையுள்ள பகுதி முழுவதும் ஒரே மாவட்டமாகவே இருந்தது.

ஏரிப்பாசனத்தை நம்பிய வேளாண்மையும் கைத்தறி நெசவும் இப்பகுதியின் முதன்மையான தொழில்கள் ஆகும். மழை பொய்த்தால் உழவரும், நூல் விலை ஏறினால் நெசவாளரும் கடன் வாங்க வேண்டிய நிலை இருந்தது. கடன் கொடுப்பவரே நிலவுடைமையாளராகவும், ஊரின் பெரிய மனிதராகவும், கோயில் காரியங்களை முன்னின்று நடத்துபவராகவும் இருப்பது அக்காலச் சிற்றூர்களில் பரவலாகக் காணப்பட்ட நிலை ஆகும். வேலைக்காரி நாடகத்தின் வேதாசல முதலியார் இத்தகைய ஒருவரே.

அண்ணாதுரை 1942இல் காஞ்சிபுரத்தில் திராவிட நாடு என்னும் இதழைத் தொடங்கினார். சந்திரோதயம், ஓர் இரவு, சிவாஜி கண்ட இந்து இராஜ்யம், நீதிதேவன் மயக்கம் முதலியன அவருடைய பிற நாடகங்களுள் சில. சிலவற்றில் அவரே வேடமேற்று நடித்தும் உள்ளார்.

செங்கற்பட்டு மாநாடு (1929)

சுயமரியாதை இயக்கத்தின் முதலாவது மாகாண மாநாடு 1929ஆம் ஆண்டு பெப்ரவரி 17, 18 ஆகிய நாட்களில் செங்கற்பட்டில் நடைபெற்றது. டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் இதற்குத் தலைமை வகித்தார். பெயருக்குப் பின் சாதிப் பட்டங்களைச் சேர்த்துக்கொள்வதை விட்டுவிடுதல், பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை, கைம்பெண் மறுமணம், சாதி வேறுபாடு பாராமல் வாழ்க்கைத் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆகியவை குறித்து இம்மாநாட்டில் தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன.

வேலைக்காரி நாடகத்தில் விவாதத்துக்கு உள்ளாகும் சிக்கல்கள் பலவும் இத்தீர்மானங்களில் இடம்பெற்றவையே. மாநாட்டு மேடையில் தீர்மானமாக ஒலித்தவை ஏறத்தாழ ஒன்றரைப் பதின்ம ஆண்டுகளுக்குப் பின் நாடக மேடையில் மனிதர்களின் வாழ்க்கையாகக் காட்டப்பட்டன எனலாம்.

கிருஷ்ணன் நாடக சபா

நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணன் 1944ஆம் ஆண்டு இறுதியில் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைது செய்யப்பட்டார். 1947இல் விடுதலை ஆகும் வரை அவர் சிறையில் இருந்தார். இக்காலத்தில் அவர் பெயரால் கே. ஆர். இராமசாமி நடத்திய குழுவே கிருஷ்ணன் நாடக சபா ஆகும். இராமசாமி சிறுவர் நாடகக் குழுவில் பயிற்சி பெற்றுப் பாட்டிலும் நடிப்பிலும் ஒருங்கே தேர்ந்தவர். நடிப்பிசைப் புலவர் என்னும் பட்டத்தால் அறியப்பட்டவர். இவருடைய குழுவுக்காக அண்ணாதுரை ஓர் இரவு, வேலைக்காரி ஆகிய நாடகங்களை எழுதினார். ஓர் இரவு நாடகத்தைக் கண்ட எழுத்தாளர் கல்கி, அண்ணாதுரையைப் பெர்னாட் ஷாவோடு ஒப்பிட்டுப் பாராட்டினார்.

கதைச் சுருக்கம்

நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் இடையே காட்சியமைப்பில் சில வேறுபாடுகள் உண்டு. இரண்டிற்கும் பொதுவான கதைப்போக்கு பின்வருமாறு:

வேதாசல முதலியார் ஊரின் செல்வந்தர். ஏழைகளிடம் இரக்கமின்றிக் கடனை வசூலிப்பவர். அதே வேளையில் காளி பக்தர். அவருக்கு மூர்த்தி என்னும் மகனும் சரசா என்னும் மகளும் உண்டு. சரசா செல்வச் செருக்கு மிக்கவள். மூர்த்தி இளகிய மனத்தினன்; தன் வீட்டு வேலைக்காரியான அமிர்தத்தின் மீது அன்பு கொள்கிறான். இவளைக் குறித்தே நாடகம் வேலைக்காரி எனப் பெயர் பெற்றது.

முதலியாரிடம் கடன்பட்ட சுந்தரம் பிள்ளை, கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாமல் அவமானத்துக்கு அஞ்சித் தூக்கிட்டுக்கொண்டு இறக்கிறார். பொருள் தேடி வெளியூர் சென்றிருந்த அவருடைய மகன் ஆனந்தன் ஊர் திரும்பி வந்து தந்தையைப் பிணமாகக் காண்கிறான். முதலியாரைக் கொன்று பழி தீர்ப்பதாகச் சூளுரைக்கிறான். நண்பன் மணி அவனைத் தடுத்து, ஆயுதத்தைவிட அறிவே கூர்மையான கருவி என்பதை உணர்த்துகிறான்.

ஆனந்தன் காளியை வேண்டுகிறான். தன் தந்தையின் இறப்புக்குக் காரணமானவரும் அதே காளியை வணங்கி வளமாக வாழ்வதை நினைத்துக் கொதிப்படைகிறான்; கோயிலுக்குள் நின்று காளியிடமே நீதி கேட்டு வாதிடுகிறான். பூசைப் பொருள்களை வீசி எறிந்த அவனை ஊர் மக்கள் துரத்துகின்றனர். தப்பியோடும் வழியில் பரமானந்தம் என்னும் செல்வர் வீட்டு இளைஞனின் உடலை நண்பர்கள் இருவரும் காண நேர்கிறது. அவனுக்கும் ஆனந்தனுக்கும் உள்ள உருவ ஒற்றுமையைப் பயன்படுத்தி, ஆனந்தன் பரமானந்தமாக உருமாறுகிறான். கண் பார்வையற்ற அவனுடைய தாயும் இவனையே தன் மகன் என்று நம்புகிறாள்.

செல்வந்தனாகிவிட்ட ஆனந்தனை முதலியார் வலிய வரவேற்று, தம் மகள் சரசாவை மணம் செய்து கொடுக்கிறார். மருமகனாக நுழைந்த ஆனந்தன், முதலியாரின் குடும்பப் பெருமையைக் குலைக்கும் வகையில் நடந்துகொண்டு அவரை நாள்தோறும் தலைகுனியச் செய்கிறான்.

அமிர்தத்தை மணக்க விரும்பிய மூர்த்தி, தந்தையின் எதிர்ப்பால் வீட்டை விட்டு வெளியேறுகிறான். நண்பர்களின் கதவுகள் மூடப்படுகின்றன. அமிர்தம் இறந்துவிட்டாள் என்று நம்பி மனம் உடைந்தவன், ஹரிஹரதாஸ் என்னும் துறவியின் ஆசிரமத்தில் சேர்கிறான். அங்கு நிகழும் போலித்தனத்தை அறிந்தபின் ஏற்படும் மோதலின் விளைவாக, துறவியைக் கொன்ற குற்றத்திற்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறான். வடநாட்டு வழக்கறிஞர் ஒருவர் வந்து அவனுக்காக வாதாடி விடுதலை பெற்றுத் தருகிறார். அவ்வழக்கறிஞர் மாறுவேடத்தில் வந்த ஆனந்தனே என்பது பின்னர் தெரியவருகிறது. அமிர்தம் வேறொரு செல்வர் வீட்டில் வளர்ப்பு மகளாக வாழ்ந்து வருவதும் தெரியவருகிறது. செல்வர் மகள் என்று எண்ணி முதலியார் மூர்த்திக்கு அவளை மணம் முடிக்க இசைகிறார். அவள் தம் வீட்டின் பழைய வேலைக்காரியே என்பது வெளிப்பட்டபோது அவர் தம் தவற்றை உணர்கிறார்.

பாத்திர வளர்ச்சி

ஆனந்தனின் மாற்றத்தை நான்கு கட்டங்களாகப் பகுத்துக் காணலாம்.

மகன்

முதற்கட்டத்தில் ஆனந்தனுக்குச் சமூகம் பற்றிய பார்வை ஏதும் இல்லை. நேர்மையாக உழைத்தால் கடனை அடைத்துவிடலாம், தந்தையை நல்லபடியாக வாழவைக்கலாம் என்பதே அவனது நம்பிக்கை. உழைத்துச் சேர்த்த பணத்தோடு அவன் திரும்பும்போது காலம் கடந்துவிடுகிறது. அவன் கோபம் முழுவதும் ஒரே ஒரு மனிதனை நோக்கியது. தன் தந்தையைப் போலக் கடனில் அழிந்தவர் வேறு எத்தனை பேர் என்ற கேள்வி அப்போது அவனுக்குள் எழவில்லை.

கேள்வி கேட்பவன்

காளி கோயில் காட்சி இரண்டாம் கட்டத்தின் தொடக்கமாகும். இதுவரை ஒரு மனிதன் மீது குற்றம் சாட்டியவன், இப்போது அம்மனிதனைத் தாங்கி நிற்கும் நம்பிக்கைகளின் மீது கேள்வி எழுப்புகிறான். கொடுமை செய்பவனின் படையலையும் கொடுமைக்கு உள்ளானவனின் கண்ணீரையும் தெய்வம் ஒன்றுபோல் ஏற்றுக்கொள்ளுமா என்பது அவன் வாதத்தின் சாரம். விடை கிடைக்காமையால் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்ற முடிவுக்கு அவன் வருகிறான்.

இக்கட்டத்தில் மணியின் பங்கு முதன்மையானது. ஆனந்தனின் கையில் இருக்கும் கத்தியைக் கீழே போடச் செய்பவன் அவனே. கொலை செய்தால் தூக்குமேடை ஏறப்போவது ஆனந்தனே அன்றி முதலியாரின் கொடுமை அன்று என்பதை மணி புரியவைக்கிறான்.

பழிவாங்குபவன்

மூன்றாம் கட்டமே நாடகத்தில் மிகவும் சிக்கலானது. கத்தியைக் கைவிட்ட ஆனந்தன் பழியைக் கைவிடவில்லை. வேறொருவனின் பெயரையும் செல்வத்தையும் பூண்டு, முதலியாரின் வீட்டுக்குள்ளேயே நுழைந்து அவரது பெருமையைத் தகர்க்கிறான். ஏழை ஆனந்தனை வாசலில் நிற்கவிடாத அதே முதலியார், பரமானந்தம் என்ற பெயருக்கு முன் கைகட்டி நிற்கிறார். மனிதனுக்கன்றி அவனது பணத்திற்கே மதிப்பு என்பதை நாடகம் இக்காட்சிகளில் நகைச்சுவையோடு வெளிப்படுத்துகிறது.

எனினும் இதன் விலையைக் கொடுப்பவள் சரசா. செருக்குடையவள் எனினும் சுந்தரம் பிள்ளையின் இறப்பில் அவளுக்குப் பங்கு இல்லை. தந்தையின் குற்றத்திற்கு மகள் தண்டிக்கப்படுகிறாள். தன் தந்தைக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு நீதி தேடியவன், குற்றமற்ற ஒருத்திக்கு அநீதி இழைப்பவனாகிறான் என்பதே ஆனந்தன் எதிர்கொள்ளும் அறச்சிக்கல் ஆகும்.

பொறுப்பேற்பவன்

மூர்த்தி குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது நான்காம் கட்டம் தொடங்குகிறது. பழிவாங்குவது மட்டுமே ஆனந்தனின் நோக்கமாக இருந்திருப்பின், அவன் வாளாவிருந்தாலே போதுமானது. எதிரியின் ஒரே மகன் தூக்குக்குச் செல்வதைவிடப் பெரிய பழி வேறு இல்லை. ஆனால் மூர்த்தியும் தன்னைப் போலவே அதே பணச் செருக்காலும் போலிப் பக்தியாலும் வீழ்த்தப்பட்டவன் என்பதை ஆனந்தன் உணர்கிறான். எதிரியின் மகனைக் காப்பதற்காக நீதிமன்றத்தில் ஏறுகிறான். சட்டம் என்பது ஏழைக்கு வழி தெரியாத இருள் நிறைந்த இடம் என்றும், அதில் ஒளி தருபவர் வழக்கறிஞர் என்றாலும் அவ்வொளி பணம் உள்ளவர்க்கே கிடைக்கிறது என்றும் இக்காட்சியில் எழுப்பப்படும் குற்றச்சாட்டு பெரிதும் பேசப்பட்டது.

ஆனந்தன் தான் யார் என்பதை இறுதியில் வெளிப்படுத்துகிறான். முதலியார் அழிக்கப்படவில்லை, திருத்தப்படுகிறார். மூர்த்தி, அமிர்தம் ஆகியோரின் திருமணத்தால் ஒரு புதிய உறவுமுறை பிறக்கிறது. கொடியவனை ஒழிப்பது முடிவன்று, கொடுமைக்கு இடமளிக்கும் அமைப்பை மாற்றுவதே முடிவு என்ற இடத்தில் ஆனந்தனின் வளர்ச்சி நிறைவடைகிறது.

மூர்த்தியுடன் ஒப்பீடு

நாடகத்தில் வளர்ச்சியடையும் இளைஞர் ஆனந்தன் மட்டும் அல்லர். மூர்த்தியின் பயணம் எதிர்த்திசையில் அமைகிறது. ஆனந்தன் இல்லாமையிலிருந்து செல்வத்துக்குச் செல்கிறான். மூர்த்தி செல்வத்திலிருந்து இல்லாமைக்கு இறங்குகிறான். வேலைக்காரியை விரும்புவது மூர்த்திக்கு எளிதாக இருந்தது. அவளுக்காகத் தந்தையின் கூரையை விட்டு வெளியேறியபின்தான் ஏழ்மை என்பது என்ன என்று அவன் அறிகிறான். அதன்பின் துறவில் புகலிடம் தேடுவது பொறுப்பிலிருந்து தப்பும் முயற்சியே என்பதையும் நாடகம் சுட்டிக்காட்டுகிறது.

அமிர்தம் இவ்விருவரிலும் வேறுபட்டவள். அவளுக்குத் தேர்வுகள் குறைவு. ஆயினும் விரும்பாத மணத்தை மறுத்து வெளியேறும் துணிவு அவளிடம் உள்ளது. பெயரும் உடையும் மாறியதும் அவளை எல்லோரும் மதிக்கின்றனர். ஆனந்தன் பரமானந்தமாக மதிக்கப்படுவதும், அமிர்தம் செல்வர் மகளாக மதிக்கப்படுவதும் ஒரே கருத்தை இருமுறை வலியுறுத்தும் இணைக்காட்சிகள் ஆகும்.

முன்னோடிக் கதைமாந்தர்கள்

தமிழ் மேடையில் அறத்திற்காகத் துன்புறும் இளையோர் புதியவர் அல்லர். தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்துகளில் அபிமன்யுவும், அரிச்சந்திரன் மகன் லோகிதாசனும் இன்றளவும் மக்களைக் கண்கலங்கச் செய்பவர்கள். ஆயினும் அபிமன்யு குலத்தின் கடமைக்காகப் போரிட்டு மடிகிறான். லோகிதாசன் தந்தையின் வாய்மைக்காகத் துன்புறுகிறான். பிரகலாதன் தந்தையை எதிர்த்தாலும் அது பக்தியின் பொருட்டே ஆகும்.

பம்மல் சம்பந்த முதலியாரின் மனோகரா (1895) நாடகம் இவ்வகையில் ஓர் இடைப்படி எனலாம். அவருடைய பெயரின் முன்னொட்டாகிய பம்மல், இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பகுதியாக உள்ளது. இளவரசன் மனோகரன் தாய்க்குக் கொடுத்த வாக்கினால் தன் சினத்தை அடக்கிக்கொள்கிறான். அங்கும் சினத்தை வெல்லுதல் முதன்மைக் கருத்தாக உள்ளது. ஆனால் மனோகரனைக் கட்டுப்படுத்துவது தாயின் ஆணை. ஆனந்தனைக் கட்டுப்படுத்துவது நண்பனின் வாதமும் தன் சிந்தனையும் ஆகும். மனோகரன் ஒரு நாட்டின் இளவரசன்; ஆனந்தனோ கடன்பட்டு இறந்த ஒருவரின் மகன்.

போலித் துறவியை எள்ளிநகையாடும் மரபும் காஞ்சியில் பழமையானது. கி. பி. 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் காஞ்சி நகரில் நிகழ்வதாக அமைந்த அங்கத நாடகம். காபாலிகர், பௌத்தர், பாசுபதர் ஆகிய சமயத்தாரின் போலி ஒழுக்கங்களை அது நகையாடுகிறது. இவ்விரு நாடகங்களுக்கும் இடையே நேரடித் தொடர்பு இல்லை. எனினும் ஹரிஹரதாஸ் ஆசிரமக் காட்சிகளைப் படிப்போர்க்கு இவ்வொப்புமை நினைவுக்கு வரக்கூடும்.

வேறொருவராக உருமாறித் திரும்பி வந்து பழிதீர்க்கும் கதையமைப்பு, பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் துமாவின் மான்டி கிறிஸ்டோ பிரபு புதினத்தை ஒத்துள்ளது. துமாவின் நாயகன் பழிவாங்கலின் எல்லையைத் தானே உணர்ந்து பின்வாங்குவதைப் போலவே ஆனந்தனும் பின்வாங்குகிறான். கடன், சாதி, வீட்டு வேலை செய்வோரின் நிலை ஆகியவற்றை மையப்படுத்தியமையால் வேலைக்காரி தமிழ்ச் சமூகத்துக்கு உரிய படைப்பாக விளங்குகிறது.

கடனும் சட்டமும்

சுந்தரம் பிள்ளையின் அச்சம் நாடகத்துக்காகப் புனையப்பட்ட மிகை அன்று. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி, நீதிமன்றத் தீர்ப்பின் அடிப்படையில் கடனாளியைக் கைது செய்து உரிமையியல் சிறையில் அடைக்க வழி இருந்தது. 1936இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், பணம் இருந்தும் கொடுக்க மறுப்பவர், மோசடி செய்பவர் போன்றோருக்கு அத்தகைய சிறைவைப்பை வரையறுத்து, உண்மையிலேயே இயலாத கடனாளிகளுக்குப் பாதுகாப்பு அளித்தது. சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவை 1938இல் வேளாண்மையாளர் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றியது.

சட்டம் ஏட்டில் இருந்தாலும் அதை நீதிமன்றத்தில் எடுத்துக்கூற வழக்கறிஞர் வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் வேண்டும். ஊரார் முன்னிலையில் ஏற்படும் மானக்கேட்டை எந்தச் சட்டமும் தடுக்காது. சுந்தரம் பிள்ளையை இறப்புக்குத் தள்ளியது கைது மட்டும் அன்று, கைதாகும்போது ஊர் பார்க்குமே என்ற அச்சமும் ஆகும். நீதிமன்றக் காட்சியில் ஆனந்தன் எழுப்பும் வாதத்தை இப்பின்னணியில் வைத்துப் பார்த்தால் அதன் கூர்மை விளங்கும்.

மேடை அமைப்பும் மொழியும்

சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) காலத்து நாடகங்களில் பாடல்களே கதையை நகர்த்தின. வேலைக்காரியில் அவ்விடத்தை உரையாடல் பெற்றுக்கொண்டது. எதுகை மோனை அமைந்த அடுக்குச் சொற்றொடர்கள், ஒரு கருத்தை எதிரெதிர் சொற்களால் விளக்கும் முறை, எதிராளியின் சொல்லையே திருப்பி அவனுக்கு எதிராகப் பயன்படுத்தும் உத்தி ஆகியவை இந்நாடக உரையாடலின் இயல்புகள்.

ஆனந்தன் பேசும் மொழியிலேயே அவனது வளர்ச்சி தெரியும்படி அமைக்கப்பட்டுள்ளது. தொடக்கத்தில் அவன் பேச்சு புலம்பலும் சூளுரையுமாக உள்ளது. காளி கோயிலில் அது கேள்விகளாக மாறுகிறது. முதலியார் வீட்டில் ஏளனமாகிறது. நீதிமன்றத்தில் சான்றும் காரணமும் அடுக்கிய வாதமாக முதிர்கிறது. புலம்பலிலிருந்து வாதத்திற்கு வருவதே ஓர் இளைஞன் குடிமகனாகும் வழி என்பது இதனால் உணர்த்தப்படுகிறது.

திரை வடிவம்

ஜூபிடர் பிக்சர்ஸ் நிறுவனம் இந்நாடகத்தை 1949இல் திரைப்படமாகத் தயாரித்தது. ஏ. எஸ். ஏ. சாமி இயக்கினார். கதை, உரையாடலை அண்ணாதுரையே எழுதினார். கே. ஆர். இராமசாமி ஆனந்தனாகவும், டி. எஸ். பாலையா மணியாகவும், டி. பாலசுப்பிரமணியம் வேதாசல முதலியாராகவும், எம். என். நம்பியார் ஹரிஹரதாசாகவும் நடித்தனர். வி. என். ஜானகி, எம். வி. ராஜம்மா ஆகியோர் பெண் வேடங்களை ஏற்றனர். உடுமலை நாராயணகவி பாடல்கள் எழுதினார்.

திரைப்படம் பெரும் வெற்றி பெற்றது. காளி கோயில் காட்சிக்குச் சமயப் பற்றாளரிடையே எதிர்ப்பு எழுந்தது. நாடக ஆசிரியர்களின் உரையாடலுக்காகவே மக்கள் படம் பார்க்கச் செல்லும் வழக்கத்தைத் தமிழ்நாட்டில் வலுப்படுத்திய படங்களுள் இதுவும் ஒன்று. இதே ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் அண்ணாதுரை தலைமையில் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டது.

திறனாய்வு

இக்கதைமாந்தரைப் பற்றி மூன்று கருத்துகள் விவாதத்துக்கு உரியவை.

முதலாவது, ஆனந்தனின் வெற்றி தற்செயல் நிகழ்வுகளைப் பெரிதும் சார்ந்துள்ளது. உருவ ஒற்றுமை இல்லாவிட்டால் அவனுக்குச் செல்வம் கிடைத்திராது. செல்வம் இல்லாமல் ஓர் ஏழை இளைஞன் இப்போராட்டத்தை எவ்வாறு நடத்தியிருக்க முடியும் என்ற கேள்விக்கு நாடகத்தில் விடை இல்லை. ஏழைக்கு நீதி கிடைக்க அவன் பணக்காரனாக வேடம் போட வேண்டியுள்ளது என்பதையே நாடகம் குற்றச்சாட்டாக முன்வைக்கிறது என்று இதற்கு மறுமொழி கூறலாம்.

இரண்டாவது, சரசாவின் நிலை. மனைவியைத் துன்புறுத்தி மாமனாரைத் தண்டிப்பது இன்றைய வாசகர்களுக்கு ஏற்புடையதாக இருக்காது. சரசா திருந்துவதைக் காட்டும் நாடகம், ஆனந்தன் அவளுக்குப் பட்ட கடனைப் பற்றி மிகுதியாகப் பேசவில்லை. பெண்ணுரிமை பேசிய இயக்கத்தின் நாடகத்திலேயே இக்குறை காணப்படுவது கவனிக்கத்தக்கது.

மூன்றாவது, கொடியவர் மனம் மாறுவதால் சிக்கல் தீர்ந்துவிடுமா என்பது. முதலியார் திருந்தினாலும் அவரது கடன் பத்திரங்களும் நிலவுடைமையும் அப்படியே உள்ளன. அரங்கில் ஒரு குடும்பத்துக்குள் முடிந்துவிடும் சிக்கல், வெளியே சட்டத்தாலும் அமைப்பாலும் தீர்க்கப்பட வேண்டியதாகவே இருந்தது.

தாக்கம்

மூர்த்தி, அமிர்தம் ஆகியோரின் திருமணம் போன்ற சாதி மறுப்பு, சடங்கு மறுப்புத் திருமணங்கள் சுயமரியாதை இயக்கத்தாரால் 1920களின் இறுதி முதல் நடத்தப்பட்டு வந்தன. அவற்றுக்குச் சட்ட ஏற்பு இல்லாத நிலை நீடித்தது. 1967இல் முதலமைச்சரான அண்ணாதுரை, அதே ஆண்டில் இந்துத் திருமணச் சட்டத்திற்குத் திருத்தம் கொண்டுவந்து, 7-அ என்னும் பிரிவின் வழியாகச் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தார். மேடையில் எழுப்பிய கோரிக்கை ஒன்றை அதன் ஆசிரியரே பின்னாளில் சட்டமாக்கியமை நாடக வரலாற்றில் அரிய நிகழ்வாகும்.

கடன் சார்ந்த கொடுமை உடனே ஒழிந்துவிடவில்லை. முன்பணம் கொடுத்துக் குடும்பம் முழுவதையும் உழைப்பில் கட்டிவைக்கும் முறைக்கு எதிராக 1976இல் கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பகுதிகளின் செங்கற்சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் பழங்குடியினர் உள்ளிட்டோர் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டுள்ளனர். சுந்தரம் பிள்ளையின் கதை இன்றும் பொருளிழக்கவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

இளைஞன் ஒருவன் தன் வீட்டுத் துயரைப் பலருடைய துயரின் பகுதியாகக் காணத் தொடங்கும்போதே சமூகப் பொறுப்பு பிறக்கிறது என்பதை ஆனந்தனின் கதை எடுத்துக்காட்டுகிறது. இதனால் திராவிட இயக்க நாடகங்களைப் பயிலும் மாணவர்களுக்கு இக்கதைமாந்தர் ஒரு நல்ல தொடக்கப்புள்ளியாக அமைகிறார்.

இவற்றையும் பார்க்க

கா. ந. அண்ணாதுரை
வேலைக்காரி (திரைப்படம்)
ஓர் இரவு
கே. ஆர். இராமசாமி
மனோகரா
மத்தவிலாசப் பிரகசனம்
சுயமரியாதை இயக்கம்
சுயமரியாதைத் திருமணம்
தெருக்கூத்து